கொரங்காட்டில் ஓராண்டு

காங்கயம் காளையை அறியாத குடியானவர் தமிழ்நாட்டில் இல்லை எனலாம். அக்காளையை வளர்த்துத் தரும் நிலத்தை அறிந்தவர்களோ, அந்நிலத்தைச் சுற்றி வாழ்பவர்கள் மட்டுமே. திருப்பூர் மாவட்டத்தில் காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் ஆகிய வட்டாரங்களிலும், அவற்றை அடுத்துள்ள கரூர், ஈரோடு மாவட்டப் பகுதிகளிலும், நான்கு புறமும் உயிர்வேலி அடைத்து, உள்ளே புல்லையும் மரத்தையும் மட்டும் வளர விட்டு, கால்நடை மேய்ச்சலுக்கென்றே தலைமுறை தலைமுறையாகக் காத்து வரும் பட்டா நிலங்கள் உண்டு. இவற்றைக் கொரங்காடு என்பர். பிற பகுதிகளில் மேய்ச்சல் நிலம் என்றால் ஊருக்குப் பொதுவான புறம்போக்கு என்றே பொருள். அது எல்லோருக்கும் உரியதாகையால் எவராலும் கவனிக்கப்படாமல் கிடக்கும். கொரங்காடு அவ்வாறன்று. நஞ்சைக்கும் தோட்டத்திற்கும் காட்டும் அக்கறையை இங்கே புல்லுக்குக் காட்டுகிறார்கள். அந்த அக்கறை எத்தகையது, ஆண்டின் எந்தப் பருவத்தில் என்ன வேலையாக வெளிப்படுகிறது என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் அறிந்து கொண்டால் பயனுண்டு எனக் கருதி இதனை எழுதுகிறோம்.

இப்பகுதியின் மண் பெரும்பாலும் செம்மண் கலந்த சரளை, ஆழம் குறைவு. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 600 மில்லிமீட்டர். அதுவும் சொன்ன நாளில் வருவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவ மழையைத் தடுத்து விடுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று மட்டும் தடையின்றி வந்து, ஆனி ஆடி மாதங்களில் மண்ணின் ஈரத்தை உறிஞ்சிக் கொண்டு போகிறது. இத்தகைய நிலத்தை உழுது தானியம் விதைத்தால் சில ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் விளைச்சல் கைக்கு வரும். புல்லாக விட்டால் எந்த ஆண்டிலும் ஏதேனும் ஒன்று கிடைக்கும். முன்னோர் இக்கணக்கை ஏட்டில் எழுதி வைக்கவில்லை. வேலியாக நட்டு வைத்திருக்கிறார்கள்.

கொரங்காட்டில் முதன்மையானது கொழுக்கட்டைப் புல். இது தூர் கட்டி வளரும் பல்லாண்டுப் புல். வேர் ஆழமாகச் செல்வதால், மேலே காய்ந்து சருகான பிறகும் அடித்தூர் உயிரோடிருந்து, ஒரு நல்ல மழை பெய்த சில நாட்களில் பச்சை காட்டும். இதனூடே நரிப்பயறு, செப்பு நெருஞ்சி போன்ற கொடிகளும் செடிகளும் படர்ந்து, காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கின்றன. இடைவெளி விட்டு நிற்கும் வெள்வேல மரங்கள் அடர்ந்த நிழல் தராதவை. ஆதலால் அடியிலும் புல் வளரும். நான்கு புறமும் வேலியாக நிற்பது முள்கிளுவை. போத்துகளை வெட்டி நெருக்கமாக நட்டால் அவை வேர் பிடித்துத் தழைக்கும். பக்கக் கிளைகளை ஒன்றோடொன்று பின்னி விட்டால் ஆட்டுக்குட்டியும் நுழைய முடியாத சுவராகி விடும். கோடையில் இலை உதிர்ந்தாலும் முள் உதிர்வதில்லை. கம்பிவேலிக்குத் துருவுண்டு, திருட்டுண்டு; கிளுவை வேலிக்கு இரண்டுமில்லை. மேல்காற்றின் வேகத்தைத் தணிப்பதும் இவ்வேலியே.

ஒரு குடும்பத்தின் கொரங்காடு முழுவதும் ஒரே வெளியாக இராது. பெரும்பாலும் மூன்று நான்கு ஏக்கர் அளவில் துண்டு துண்டாக வேலி பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கடவு விட்டுப் படல் சார்த்தி வைப்பர். மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சார்த்தி விட்டால் மேய்ப்பவர் ஒருவர் நாள் முழுவதும் கூடவே நிற்க வேண்டுவதில்லை. இது ஆட்கூலியை மிச்சப்படுத்தும் ஏற்பாடு என்று பலர் எண்ணுகின்றனர். அதைவிடப் பெரிய பயன் வேறொன்று: எந்த நிலத்தில் எத்தனை நாள் மேய்ந்தது, எத்தனை நாள் ஓய்ந்தது என்பது உடையவர் கையில் இருக்கிறது.

கொரங்காட்டின் ஆண்டு புரட்டாசியில் தொடங்குகிறது. வடகிழக்குப் பருவத்தின் முன்மழை விழுந்து, செந்நிறமாகக் கிடந்த தரை ஒரு வாரத்தில் இளம்பச்சையாக மாறும். கோடையிலும் மேல்காற்றிலும் இளைத்துப் போன மாடுகள் அப்பச்சையின் வாசனை கண்டு வேலியோரம் வந்து நிற்கும். இந்த நாட்களில் செய்ய வேண்டிய வேலை ஒன்றே: படலைத் திறவாமல் இருத்தல். ஆண்டு முழுவதிலும் இதைவிடக் கடினமான வேலை வேறில்லை என்று அனுபவமுள்ளவர்கள் கூறுவர். நாமும் அதை ஒப்புக் கொள்கிறோம்.

காரணம் இதுதான். காய்ந்திருந்த புல் முதலில் விடும் தளிர், புதிதாக மண்ணிலிருந்து எடுத்த உணவால் ஆனதன்று; சென்ற பருவத்தில் அடித்தூரிலும் வேரிலும் சேமித்து வைத்த உணவைச் செலவிட்டே அத்தளிரை விடுகிறது. இலை சற்று நீண்டு வெயிலைப் பெற்றுத் தனக்கு வேண்டிய உணவைத் தானே ஆக்கிக் கொள்ளத் தொடங்கிய பிறகுதான் சேமிப்பு மீண்டும் நிரம்பும். விரற்கடை உயரத்தில் மாடு கடித்து விட்டால் புல் இரண்டாம் முறை சேமிப்பைத் தோண்டித் தளிர் விடும். மூன்றாம் முறை கடித்தால் தோண்டுவதற்கு ஒன்றுமிராது. தூர் செத்து விடும். தூர் செத்த இடத்தில் மாடு தொடாத ஆவாரையும் எருக்கும் வந்து குடியேறும். மழை நன்றாகப் பெய்தும் புல் இல்லையே என்று வருந்துகிற பல இடங்களில், குறை மழையில் இல்லை. மழை பெய்த முதல் மூன்று வாரத்தில் இருக்கிறது. புல் ஒரு சாண் உயரத்திற்கு மேல் எழும் வரை பொறுத்திருப்பதே முறை.

அப்படியாயின் அந்த மூன்று நான்கு வாரமும் மாடு எதைத் தின்னும்? இங்கேதான் தட்டுப்போரின் அருமை தெரிகிறது. கோடைக்கென்று சோளத்தட்டு சேர்த்து வைப்பவர் பலர். மழைக்கென்று சேர்த்து வைப்பவர் சிலரே. வைகாசியிலேயே போர் கரைந்து விட்டால், புரட்டாசியில் எவ்வளவு உறுதியுள்ளவரும் படலைத் திறந்துதான் ஆக வேண்டும். ஆகவே தட்டுக் கணக்குப் போடும்போது, மழை தொடங்கிய பின்னும் ஒரு மாதத்திற்கு மீதமிருக்குமாறு போட வேண்டும். நிலத்தின் ஆயுள் இந்த ஒரு மாதத் தட்டில் அடங்கியிருக்கிறது என்பது நம் கருத்து.

ஐப்பசி, கார்த்திகை இரண்டும் செழிப்பான மாதங்கள். முதலில் திறக்கும் துண்டுக்குள் கறவை மாடுகளும் கன்றுகளும் செல்லும். நுனிப்புல் அவற்றுக்கு உரியது. பின் வறட்டு மாடுகளும் எருமைகளும், கடைசியாகச் செம்மறிகளும் செல்லும். செம்மறி தரையை ஒட்டிக் கடிப்பதால் அதை முதலில் விடக் கூடாது. விட்டாலும் நீண்ட நாள் வைக்கக் கூடாது.

ஒரு துண்டில் எத்தனை மாட்டை எத்தனை நாள் விடலாம் என்பதைக் கண்ணால் மதிப்பிடும் பெரியவர்கள் இன்னும் உள்ளனர். அப்பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒரு வழி சொல்கிறோம். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் நான்கு குச்சிகளை நட்டு, உள்ளிருக்கும் புல்லை அறுத்து, நன்றாகக் காய வைத்து நிறுக்கவும். நிலத்தின் நல்ல பகுதியில் ஒன்று, மோசமான பகுதியில் ஒன்று என நான்கைந்து இடங்களில் இவ்வாறு செய்து சராசரி காணவும். சராசரி 100 கிராம் என்று வைத்துக் கொள்வோம். ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஆக ஏக்கருக்குச் சுமார் 400 கிலோ உலர்புல் நிற்கிறது. இதில் பாதியை நிலத்திற்கே விட்டு விட வேண்டும். அதுதான் தூரைக் காக்கும், மண்ணை மூடும், அடுத்த மழை நீரை ஓட விடாமல் நிறுத்தும். எஞ்சிய 200 கிலோ மாட்டுக்கு. ஒரு காங்கயம் பசு நாளொன்றுக்கு உலர்ந்த எடையில் சுமார் 8 கிலோ தின்னும் எனக் கொண்டால், ஓர் ஏக்கர் ஒரு பசுவுக்கு 25 நாள் வரும். நான்கு ஏக்கர்த் துண்டில் ஐந்து பசுக்களை 20 நாள் விடலாம். இருபத்தோராம் நாள் புல் இன்னும் பச்சையாகக் கண்ணுக்குத் தெரியும். ஆனாலும் படலைச் சார்த்தி விட வேண்டும்.

மழைக்காலம் புல்லோடு நோயையும் கொண்டு வருவது. தொண்டை அடைப்பான், சப்பை நோய் ஆகியவற்றுக்கான தடுப்பூசியை மழைக்கு முன்பே போட்டு விட வேண்டும். கோமாரிக்கு ஆறு மாதத்திற்கு ஒரு முறை. புதுப்புல்லை வயிறு முட்ட மேய்ந்த செம்மறிகள் துள்ளுமாரி கண்டு திடீரென மடிவதுண்டு. இதற்கும் தடுப்பூசி உண்டு. கால்நடை மருந்தகத்தில் இவற்றைப் பற்றி விரிவாகக் கேட்டறியலாமாகையால் இங்கே நீட்டவில்லை.

மார்கழி பிறந்ததும் புல் முற்றிக் கதிர் விடும். தை மாதத்தில் விதை உதிரும். ஒவ்வோர் ஆண்டும் ஏதேனும் ஒரு துண்டையாவது, விதை முழுவதும் உதிரும் வரை மேயாமல் காப்பது நல்ல வழக்கம். அடுத்த ஆண்டு வேறொரு துண்டு. விதை உதிர்ந்த பின் மாட்டை விட்டால், குளம்படி பட்டு விதை மண்ணில் பதியும். விதைப்புக்குத் தனிக் கூலி தேவையில்லை.

மாசிக்கு மேல் கொரங்காட்டின் நிறம் வைக்கோல் நிறம். நிற்கும் நிலையிலேயே காய்ந்த அப்புல் வயிற்றை நிரப்புமேயன்றிச் சத்து மிகக் குறைவு. இந்தக் குறையை ஈடு செய்வது வெள்வேல மரம். அதன் காய்கள் முற்றி உதிர்வது இக்கோடையில்தான். காயில் புரதம் உண்டு. காலையில் மரத்தடியில் செம்மறிகளை விட்டால் ஒரு காய் மிஞ்சாமல் பொறுக்கி விடும். எட்டாத காயைத் தொரட்டி கொண்டு உலுக்கி விடுவர். வெள்வேல விதைகளில் ஒரு பகுதி ஆட்டின் வயிற்றில் செரிக்காமல் புழுக்கையோடு வெளி வந்து, மழை கண்டதும் முளைக்கும். பட்டியில் சேர்ந்த எருவை இறைக்கும் இடமெல்லாம் மரக்கன்று எழுவது இதனால்தான்.

இதே வழியில் வேண்டாத விருந்தும் வந்து சேரும். சீமைக் கருவேலங்காயையும் மாடும் ஆடும் விரும்பித் தின்கின்றன. அதன் விதையும் சாணத்தில் உயிரோடு வருகிறது. குளத்திலும் சாலையோரத்திலும் மேய்ந்து வந்த கால்நடையை நேரே கொரங்காட்டுக்குள் விடாமல், சில நாள் பட்டியிலடைத்துத் தட்டு போட்டு, அதன் பிறகு விடுவது அறிவுடைமை. முளைத்த கன்றை முதல் மழையிலேயே வேரோடு பிடுங்கினால் ஒரு கை போதும். ஐந்து ஆண்டு விட்டால் இயந்திரம் வர வேண்டும்.

பங்குனி, சித்திரையில் தண்ணீரே பெருங்கவலை. உலர்புல் மேயும் பசு கோடை நாளில் 40 லிட்டர் வரை குடிக்கும். தண்ணீர்த் தொட்டி தொலைவில் இருந்தால் மாடு தின்றதை நடந்தே தீர்த்து விடும். தவிடு, பிண்ணாக்கு, பருத்திக்கொட்டை ஆகியவற்றைச் சினை மாட்டுக்கும் கறவைக்கும் மட்டும் ஒதுக்குவர். இக்காலத்தில்தான் வெள்ளகோவிலை அடுத்த கண்ணபுரத்தில், மாரியம்மன் கோயில் திருவிழாவை ஒட்டிச் சித்திரையில் மாட்டுச் சந்தை கூடும். புல் குறைந்த மாதத்தில் சந்தை கூடுவது தற்செயல் போலத் தோன்றினும், உடையவருக்கு அது ஓர் உதவி. கொட்டிலில் எத்தனை மாடு நிற்கலாம் என்பதை ஐப்பசிப் பச்சையைப் பார்த்து முடிவு செய்பவர் ஏமாறுவார். சித்திரைத் தரையைப் பார்த்து முடிவு செய்து, கூடுதலானவற்றைச் சந்தைக்கு ஓட்டுபவர் மீதியைக் காப்பார்.

சித்திரை, வைகாசியில் கோடை மழை கிடைத்தால் புல் ஒரு முறை தலை காட்டும். இது குறைந்த ஆயுளுள்ள பச்சை. அடுத்து மழை வரும் என்ற உறுதி இல்லாததால், இதை மேய்ப்பதில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். கோடை மழையில் விதைத்த இளஞ்சோளத்தையும், வறட்சியில் வாடி நிற்கும் சோளத்தையும், அறுத்த தாளின் மறுதழைவையும் மாடு மேயாமல் பார்த்துக் கொள்க. அவற்றில் நஞ்சு உண்டு. சில நிமிடங்களில் மாட்டை வீழ்த்த வல்லது.

ஆனி, ஆடி மாதங்கள் வேலியின் மாதங்கள். மேய்ச்சல் குறைவாகவும் ஆட்களுக்கு ஓய்வாகவும் இருக்கும் இக்காலத்தில், செத்த போத்தைக் களைந்து இடைவெளிகளைக் குறித்து வைப்பர். மழையை ஒட்டிப் புதுப் போத்து நட இது முன்னேற்பாடு. ஆடி இறுதியிலும் ஆவணியிலும் கன்றுகள் பிறக்கும். இதுவும் புல்லின் கணக்கே. ஐப்பசிப் பச்சையை மேய்ந்து உடல் தேறிய பசு அப்போது பருவத்துக்கு வந்து சினை பிடிக்கிறது; சினைக் காலம் சுமார் 285 நாள்; ஆக ஆவணியில் கன்று. கன்று பிறந்து ஒன்றரை மாதத்தில் தாய்க்குப் புதுப்புல் கிடைத்து விடுகிறது. பிறக்கும்போது காங்கயம் கன்று செந்நிறம். ஏறக்குறைய ஆறு மாதத்தில் அந்நிறம் மாறி மயிலை நிறம் வரும்.

சில ஆண்டுகளுக்கு ஒரு முறை, புல் மெலிந்த துண்டை மழைக்காலத்தில் லேசாக உழுது, கொள்ளோ சோளமோ விதைத்து அறுத்து விட்டு மீண்டும் புல்லுக்கு விடுவதும் உண்டு. மண் இளகி, புதைந்து கிடந்த புல்விதை எழும். ஆழ உழுதல் கூடாது.

இத்துணை ஒழுங்காக நடந்து வந்த முறை இன்று ஏன் தளர்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். காங்கயம் மாட்டின் பெருமை அதன் உழைப்பில் இருந்தது. கவலை இறைக்கவும், ஏர் உழவும், பார வண்டி இழுக்கவும் இவ்வெருதுகளைத் தேடித் தொலைவிலிருந்தெல்லாம் வந்தனர். பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பிச் சர்க்கரை மன்றாடியார் போன்றோர் பொலிகாளைகளைத் தேர்ந்து பேணி இந்த இனத்திற்கு உருவம் தந்தனர். மின்மோட்டாரும் டிராக்டரும் பரவிய பின் எருதின் தேவை சுருங்கியது. பாலோ நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் அளவுதான். கலப்பினப் பசுவோடு அதில் போட்டியிட இயலாது. 2017ஆம் ஆண்டு ஜல்லிக்கட்டுக்காக நடந்த கிளர்ச்சியின்போது நாட்டு மாடுகளின் பெயர் எல்லோர் வாயிலும் இருந்தது. காளையின் படத்தைச் சுவரில் எழுதியவர்கள் அது மேய்ந்த புல்லைப் பற்றிப் பேசினார்களில்லை. நிலம் மனையாகவும் ஆலையாகவும் விலை போகும்போது முதலில் விழுவது கிளுவை வேலி. வேலி விழுந்த நிலம் ஓரிரு ஆண்டில் தரிசாகி, தரிசென்ற பெயரிலேயே மீண்டும் விலைக்கு வருகிறது.

செம்மறிக்கு நல்ல விலை கிடைப்பதால் கொரங்காடு வைத்திருப்போருக்கு அதனால் வரும்படி உண்டு. தாமே மேய்க்க இயலாதவர்கள் ஆண்டுக் குத்தகைக்கு விடுகின்றனர். குத்தகைதாரர் ஆண்டு முடிவதற்குள் புல்லை அடியோடு கறந்து விட நினைப்பது இயற்கை. ஆகவே ஓராண்டுக் குத்தகையைவிட மூன்றாண்டுக் குத்தகை நிலத்திற்கு நல்லது. எத்தனை உருப்படி விடலாம், புரட்டாசியில் எத்தனை நாள் படல் சார்த்தியிருக்க வேண்டும் என்பவற்றையும் குத்தகைச் சீட்டிலேயே எழுதிக் கொள்ளலாம்.

கொரங்காடு இல்லாத ஊர்களுக்கு இதில் என்ன என்று கேட்கக்கூடும். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, மேய்ச்சல் புறம்போக்கின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் கிராம ஊராட்சிக்கு இருக்கிறது. அந்நிலத்தை மூன்று பாகமாகப் பிரித்து, ஒரு பாகத்தை மட்டும் முதல் மழையிலிருந்து விதை உதிரும் வரை மூடி வைக்கலாம். மற்ற இரண்டும் திறந்திருக்குமாகையால் ஏழை மாட்டுக்காரர் எவரும் வழியின்றிப் போகார். எந்தப் பாகம் என்பதை மேய்ப்பவர்களே சொல்ல வேண்டும். அலுவலகத்தில் வரைபடத்தைப் பார்த்துச் சொன்னால் முதல் வாரத்திலேயே வேலி பிரிக்கப்படும். பெண்களே ஆடு மேய்க்கும் ஊரில் அவர்கள் வாயிலிருந்து அது வர வேண்டும். ஆகஸ்ட் 15ஆம் நாள் கிராம சபையில் பாகத்தைத் தீர்மானித்து, மழைக்குள் கிளுவைப் போத்தை நட்டு, அக்டோபர் 2ஆம் நாள் சபையில் மூடும் நாளையும் திறக்கும் நாளையும் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்து கொண்டால் போதுமானது. போத்து வேர் பிடித்து வேலியாகும் வரை முதலிரண்டு ஆண்டுக்கு வெட்டுமுள் அடைத்துக் கொள்ளலாம். அதற்குச் சீமைக் கருவேலம் எல்லா ஊரிலும் வேண்டிய மட்டும் கிடைக்கும். காய் இல்லாத கிளையாகப் பார்த்து வெட்ட வேண்டும்.